மரியாதைக்குக் கழற்றிய கண்ணாடி

போன மாதம் என் பழைய பட்டறையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக ஒரு சாணை இயந்திரம் இறக்கியிருக்கிறார்களாம், ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் வந்து பார்க்க வேண்டுமாம். போனேன். இயந்திரத்தில் நின்றவர் நடுத்தர வயது ஆள், எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரின் மருமகன். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். கல் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம். "கண்ணாடியப் போடும்வே, முதல்ல கண்ணாடியப் போடும்" என்று கத்திவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆளுக்கு முகம் செத்துப்போயிற்று.

மானேஜர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "மரியாதைக்குத்தானே சார் கழற்றினார்" என்றார். இதே மரியாதைதான் இதே பட்டறையில் ஒரு மனிதனின் கண்ணைப் பிடுங்கியது, தெரியுமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற யாருக்குமே தெரியவில்லை. அப்படியானால் எங்கள் சங்க மலருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். சாணை பிடித்த கையைப் பேனா பிடிக்க வைத்தால் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான்; பிழைப்புத் தேடுகிறவன் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறுவான். எங்கள் முதலாளி திருநெல்வேலியிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை போட்டு, அதில் நாலு காசு பார்த்தபின் கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் வார்ப்படப் பட்டறை தொடங்கியவர். அங்கே சேர்ந்து மண் சலித்தேன், கரி சுமந்தேன், உலையூதினேன். அதையெல்லாம் விரித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். கடைசியில் சாணையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கேதான் என் தலை நரைத்தது.

இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்தால் ஓரமெல்லாம் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சாணைக்கல்லில் பிடித்து வழித்து எடுப்பது எங்கள் வேலை. கல் சுற்றும் வேகத்தில் பொறி மத்தாப்பு மாதிரி பறக்கும். பொறியோடு கல்லின் பொடியும் பறக்கும், இரும்புத் தூளும் பறக்கும். நான் சேர்ந்த புதிதில் கண்ணுக்கு ஒரு காப்பும் கிடையாது. கண்ணை இடுக்கிக்கொண்டு வேலை செய்வோம், அவ்வளவுதான். சாயங்காலம் கண் சிவந்து வீட்டுக்குப் போனால் பிள்ளை பெற்ற வீடு எங்கே இருக்கிறது என்று தேடுவோம். தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் பொடி இறங்கிவிடும் என்று நம்பிக்கை. எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிரசவம் ஆனாலும் முதலில் சந்தோஷப்பட்டவர்கள் சாணைக்காரர்கள்தான்.

இதை மாற்றியவர் போர்மன் குட்டன் பிள்ளை. மலையாளி, கொழும்பில் ஒரு பெரிய பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பியவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் மலையாளம் கூடவே வரும். வெள்ளைச் சட்டை, கரை வைத்த முண்டு, மழையானாலும் வெயிலானாலும் கையில் குடை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குடையை முழங்கையில் மாட்டிக்கொள்வார். குடை கையிலிருந்து முழங்கைக்கு ஏறினால் நாங்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வோம். இன்னொன்று, ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், கல்லைப் பார்த்துத்தான் பேசுவார். கல்லிடம் ஏதோ புகார் சொல்வது போல இருக்கும். திட்டு வாங்கியது நாம்தான் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் உறைக்கும்.

புதுக்கல் வந்தால் அவர் செய்கிற காரியத்தைப் பார்க்க நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்போம். கல்லைத் துடைத்து, நடுத்துளையில் ஒரு கம்பியைக் கொடுத்துத் தொங்கவிடுவார். மரச் சுத்தியால் மெதுவாக ஒரு தட்டு. கல்லைக் கொஞ்சம் திருப்பி மறுபடி ஒரு தட்டு. நல்ல கல் கணீரென்று பேசும். உள்ளே கீறல் இருந்தால் ஓட்டைப் பானை மாதிரி மொத்தென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் பேச்சே கிடையாது, கல்லைத் தூக்கிக்கொண்டு போய் அவரே சம்மட்டியால் உடைத்துப் போடுவார். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதே என்றுதான். நல்ல கல்லை மாட்டியபிறகும் உடனே வேலை இல்லை. பொருளைத் தாங்குகிற தட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் வெற்றிலைக் காம்பு நுழைய வேண்டும், விரல் நுழையக் கூடாது. கல்லை மூடுகிற இரும்பு மூடியை முறுக்கி இறுக்க வேண்டும். பிறகு கல்லை ஓடவிட்டு, அதற்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். கல் வெடிப்பதானால் அந்த நேரத்தில் வெடித்துவிடும். "கல்லினு தயவு இல்ல, கேட்டோ" என்பார், கல்லைப் பார்த்துக்கொண்டே.

கண்ணாடியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கட்டியான வட்டக் கண்ணாடி, ஓரத்தில் கம்பி வலை, பின்மண்டையில் இறுக்கிக்கொள்ளத் தோல் வார், வாரில் ஒரு கொக்கி. மலையாளத்தில் கண்ணட என்பார். முதல் வாரம் எங்களுக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது. வேர்வையில் புகைமூட்டமாகிவிடும், வார் காதை அறுக்கும். யேசுதாசன் என்று ஒருவன் எனக்கு அடுத்த சாணையில் நின்றான். மார்த்தாண்டம் பக்கம், வேதக்காரன். எங்கள் எல்லாரையும்விடக் கை சுத்தமான வேலைக்காரன், வாய் அதைவிடச் சுத்தமான கேலிக்காரன். "இத மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனேன்னு வையும், எம் பொண்டாட்டி கதவத் தொறக்கவே மாட்டா" என்றான். ஆனால் அவன்தான் முதலில் பழகிக்கொண்டான். பிறகு நாங்களும் பழகிவிட்டோம். சாயங்காலம் கண் எரியாமல் வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய சுகம் என்று அதன்பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும், தலையில் கட்டியிருந்தால் அவிழும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கை தானாகப் போகும். கண்ணாடி வந்தபிறகு கை அதற்கும் போனது. கண்ணை மறைத்துக்கொண்டு போர்மன் எதிரே நிற்பதாவது? அவர் சாணை வரிசைக்குள் நுழைந்தால் எல்லாருடைய கண்ணாடியும் கழுத்துக்கு இறங்கும், அவர் போனபிறகு மேலே ஏறும். அவரும் அதைத் தப்பாக எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை என்பதே சரி. தண்ணீரில் இருக்கிற மீனுக்குத் தண்ணீர் தெரியுமா என்ன.

இன்னொரு வழக்கமும் உண்டு. முதலாளியோ போர்மனோ வரும்போது வேலையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சோம்பேறி என்று பெயர். ஆக, கண்ணாடியைக் கழற்றவும் வேண்டும், கல்லில் பொருளைப் பிடித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவனும் யோசிக்கவில்லை.

சர்க்கார் தண்ணீர்க் குழாய் வேலைக்கு பம்ப் உறைகள் வார்த்துக் கொடுக்கும் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்திருந்தது. முதலாளியும் போர்மனும் சேர்ந்து வரிசையில் வந்தார்கள். யேசுதாசன் ஓர் உறையைக் கல்லில் அழுத்திப் பிடித்திருந்தான். இவர்களைக் கண்டதும் ஒரு கையால் கண்ணாடியைக் கீழே இழுத்தான், மறுகை உறையை விடவில்லை. நான் அடுத்த சாணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணாடியும் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. யேசுதாசன் கத்தவில்லை. உறையைப் பத்திரமாகத் தட்டில் வைத்தான், பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு முதலாளியின் காரிலேயே கொண்டுபோனோம். போர்மன் சட்டையெல்லாம் ரத்தமாக அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். குடை பட்டறையிலேயே கிடந்தது. இரும்புத் துணுக்கு ஆழமாகப் போய்விட்டது, இடது கண் போனது போனதுதான், வலது கண்ணையாவது காப்பாற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். யேசுதாசனின் மனைவி மூத்த பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். என்னைப் பார்த்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, இவருக்கு இனி வேல உண்டுமா?"  

அவள் பயந்தது சரியாகப் போயிற்று. மறுநாள் முதலாளி எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பயந்த மனிதர். கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறது, போட்டிருந்தவன் தானாகவே கழற்றியிருக்கிறான், இது அவனுடைய கவனக்குறைவு. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு சாணையில் நிற்கவும் முடியாது. அவனை இனி வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் துளிர்விட்டுப் போகும் என்றார். போர்மன் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

கவனக்குறைவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் கோபம் ஊரறிந்தது. நேராகச் சாணைக்குப் போனேன், கண்ணாடியை எடுத்து மாட்டினேன், துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினேன், அந்தக் கோலத்திலேயே போர்மன் அறைக்குள் நுழைந்தேன். பட்டறையே வேலையை விட்டுவிட்டு வாசலில் எட்டிப் பார்த்தது. இவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். போர்மன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குடை முழங்கைக்கு ஏறியது.

"எடோ, என்னது இது?" என்றார்.

"பாத்தீங்களா அய்யா, உங்களுக்கே பொறுக்கல. நான் இப்பம் கண்ணாடியோட நிக்கது உங்களுக்கு மரியாதக்கேடா இருக்கு. அவனுக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும். உங்களுக்காவத்தான் அவன் கழத்துனான். அதுக்குப் பேரு கவனக்குறைவா?"

 வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.  போர்மன் முழங்கையிலிருந்த குடையை எடுத்து மேசைமேல் வைத்தார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீ சொன்னது நேரு, சத்தியம். என்ட முன்னாலதான் கழட்டினான். ஞான் பாத்திட்டு நின்னு. போடுன்னு பறயத் தோணல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "வா, முதலாளிகிட்ட போகாம்" என்று எழுந்துவிட்டார்.

முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. நானோ நீங்களோ யாராவது கழற்றச் சொன்னோமா, இதெல்லாம் ஒரு சாக்கு என்றார். போர்மன் வாதாடவில்லை. இப்போதே ஒரு தரம் வரிசையில் நடந்து பார்த்துவிடலாம், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நேற்றைக்கு ரத்தத்தைப் பார்த்தவர்கள், இன்றைக்குக் கழற்ற அவர்களுக்கு என்ன பைத்தியமா என்று முதலாளி கேட்டார். சரி, பார்த்துவிடுவோம் என்று எழுந்தார்.

மூன்று பேரும் போனோம். அதற்குள் சாணைகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. யேசுதாசனின் சாணை மட்டும் சும்மா நின்றது. அதன் அடியில் தரையைக் கழுவியிருந்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. முதல் சாணைக்காரர் எங்களைக் கண்டார். அவர் கை மேலே போயிற்று, கண்ணாடி கழுத்துக்கு வந்தது. அடுத்தவர் கண்ணாடியும் வந்தது. கல்லில் பிடித்த இரும்பை ஒருவரும் விடவில்லை. பொறி அவர்கள் முகத்துக்கு நேராகப் பறந்துகொண்டிருந்தது, திறந்த கண்ணோடு முதலாளியைப் பார்த்துப் பணிவாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சொன்னால் வெட்கம், அறைக்குள் அவ்வளவு வாய் பேசிவிட்டு வந்த என் கையும் முதலாளி திரும்பியபோது கண்ணாடிக்குப் போகப் பார்த்தது.

முதலாளி வெளிறிப்போனார். "போடுங்கய்யா, எல்லாரும் போடுங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. அப்படியும் அவர் எதிரே போடத் தயங்கினார்கள். அவர் திரும்பி நடந்தபிறகுதான் போட்டார்கள். அவர் தலையைத் திருப்பி அதையும் பார்த்துவிட்டார்.

அன்றைக்கே சட்டம் மாறியது. சாணை ஓடும்போது முதலாளி வந்தாலும் மகாராஜா வந்தாலும் கண்ணாடி கீழே இறங்கக் கூடாது, துண்டும் இறங்க வேண்டாம். அதை வாயால் சொல்லிக் காரியம் ஆகாது என்று போர்மனுக்குத் தெரியும். பார்க்கிறவன் கண்ணிலும் கண்ணாடி இருந்தால்தான் வேலை செய்கிறவன் கழற்ற மாட்டான் என்றார். ஆகவே வரிசைக்குள் யார் நுழைந்தாலும் கண்ணாடி மாட்டித்தான் நுழைய வேண்டும். வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. அந்த வேலையை யேசுதாசனுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். புதுக்கல்லைத் தட்டிப் பார்ப்பதற்குக் காது போதும், அதையும் அவனே செய்வான் என்றார்.

முதலாளி அரை மனதாகத் தலையாட்டினார். ஆனால் ஒரு முடிச்சும் போட்டார். பம்ப் உறைகளைப் பார்க்கச் சர்க்காரின் பெரிய எஞ்சினீயர் வரப்போகிறார். அவரை வாசலில் மறித்து, அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் ஒப்பந்தம் போகும். போனால் இந்தச் சட்டமும் இல்லை, யேசுதாசனுக்கு இந்த வேலையும் இல்லை. அவரை மட்டும் மறிக்காமல் விட்டுவிடலாமே என்றும் இழுத்தார். ஒருத்தரை விட்டால் எல்லாரையும் விட்டதுதான் என்று போர்மன் சொல்லிவிட்டார்.

யேசுதாசன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் நின்றான். இடது கண்ணில் கறுப்புத் துணி. பக்கத்தில் ஆணியில் கண்ணாடிகள் தொங்கும். கேலி எல்லாம் எங்கோ போய்விட்டது, ஆள் பாதியாக இளைத்திருந்தான். பெரிய எஞ்சினீயர் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "எனக்கும் தெரியல்ல அண்ணே. கும்பிட்டுப் பழகுன கையில்லா இது" என்றான்.

அவர் வந்த அன்று பட்டறை முழுக்கத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தோம். கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வந்தவர், மூடின கோட்டு, தலையில் ஜரிகை வைத்த தலைப்பாகை. கார் கதவைத் திறந்தவர் முதலாளி, குடை பிடித்தவரும் முதலாளி. நேராகச் சாணை வரிசையின் வாசலுக்கு வந்தார்கள். யேசுதாசன் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வழியில் நின்றான். எஞ்சினீயருக்குப் பின்னால் நின்று, விட்டுவிடு என்று முதலாளி கண்ணாலேயே சாடை காட்டினார். யேசுதாசனும் அதைப் பார்த்தான். நகரவில்லை.

"கண்ணாடி போடாம உள்ள போகப்பிடாது, அய்யா" என்றான். குரல் கம்மியிருந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

எஞ்சினீயர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை கறுப்புத் துணியில் வந்து நின்றது. "கண்ணுக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

"இது மாதிரி பெரியவங்க வந்தப்பம் மரியாதைக்குக் கழத்துனேன், அய்யா."

நான் என் சாணையில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சினீயர் கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கினார். முகத்தில் வைத்துப் பார்த்தார். தலைப்பாகைக்கு மேலே வார் எட்டவில்லை. வெறுந்தலைக்கு வாங்கிய வார். ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டு கையாலும் தலைப்பாகையைத் தூக்கி எடுத்து, "சித்த இதைப் பிடியுங்கோ" என்று முதலாளியிடம் நீட்டினார். வேலைக்காரன் எதிரே தலைப்பாகையை எடுத்த பெரிய அதிகாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குடுமி தெரிய நின்று யேசுதாசனுக்கு முதுகைக் காட்டினார். யேசுதாசன் பின்மண்டையில் வாரை இழுத்து, கொக்கியை மாட்டி, இறுக்கம் சரியா என்று கேட்டான். சரிதான் என்று அவர் தலையாட்டினார்.

போர்மன் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரோடு உள்ளே வந்தார். கல் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, பொறி பறந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு இறங்கவில்லை, ஒரு கை மேலே போகவில்லை. கண்ணாடி போட்ட முகத்தோடு நிமிர்ந்து நின்று வேலை செய்தோம். அவர் ஒவ்வொரு சாணையிலும் நின்று பார்த்தார், உறையைத் தடவிப் பார்த்தார், என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். நான் கண்ணாடியோடே பதில் சொன்னேன். அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன என்று சொல்ல. கத்த வேண்டும் போல இருந்தது.

உறைகள் நன்றாக இருக்கின்றன, மற்றவற்றையும் இங்கேயே வார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு எஞ்சினீயர் திரும்பிப் பார்த்தார். முதலாளியைக் காணோமே என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் வாசலைப் பார்த்தோம். முதலாளி தலைப்பாகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கண்ணாடியை வாங்கி மாட்ட மூன்றாவது கை இல்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். யேசுதாசன் அவரை உள்ளே விடவில்லை.